முப்பது உயிர்கள்

காண்ட்ரா என்ற பெயரைக் கேட்டதும் உங்களில் பலருக்குக் கட்டைவிரல் தானாக அசையும். அண்ணனோடு மல்லுக்கட்டி ரிமோட்டைப் பிடுங்கிய கூட்டம்தானே நாம்!

ஜப்பானின் கோனாமி நிறுவனம் 1987-ல் காசு போட்டு ஆடும் இயந்திரத்துக்காக இதைச் செய்தது. 1988-ல் நிண்டெண்டோவின் வீட்டுப் பெட்டிக்கு வந்தது. அந்த ஒரிஜினலை நம்மூரில் யார் கண்டது? நமக்கு வாய்த்தது அதைப் பார்த்துச் செய்த டூப்ளிகேட்தான். அதில் ஒரு காசுகூட உருவாக்கியவர்களுக்குப் போகவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆடித்தபசு நேரத்தில் அப்பா ஒன்று வாங்கி வந்தார். விசைத்தறிக் கூலியில் அது பெரிய செலவு. கேசட்டில் 9999 விளையாட்டு என்று போட்டிருக்கும். எண்ணிப் பார்த்தால் பத்துப் பதினைந்துதான் சுற்றிச் சுற்றி வரும்!

எலக்ட்ரானிக்ஸ் படிக்க வந்தபிறகு அந்தப் பெட்டியைக் கழற்றிப் பார்த்தேன். பல சிப்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு கறுப்பு உருண்டை. எல்லாவற்றையும் அதற்குள் அடக்கிவிட்டார்கள். ஒரிஜினலில் இருந்தது 6502 வகை 8 பிட் பிராசஸர். வேகம் 1.79 மெகாஹெர்ட்ஸ். வேலை செய்யும் ராம் 2 கிலோபைட். நம் லேபில் உள்ள 8085-ன் சமகாலத்து ஆள்தான் அது! காண்ட்ரா முழுவதும், எட்டுக் கட்டங்களும் இசையும் சேர்த்து, 128 கிலோபைட். இன்று வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஒரு போட்டோவே பெரும்பாலும் அதைவிடப் பெரிது. வசதி குறைவு என்று புலம்பும்போதெல்லாம் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்வேன்.

மூன்று உயிரை முப்பதாக்கும் ரகசியம் தெரியுமா? மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம், பி, ஏ. இதை உருவாக்கியவர் கஸுஹிசா ஹாஷிமோட்டோ. 1986-ல் கிரேடியஸ் என்ற விளையாட்டை வீட்டுப் பெட்டிக்கு மாற்றியபோது, சோதித்துப் பார்க்க அவராலேயே ஆட முடியவில்லையாம்! அதற்காகப் போட்ட குறுக்குவழி நீக்கப்படாமலே விற்பனைக்குப் போய்விட்டது. பிறகு காண்ட்ராவிலும் வந்தது. 2020 பிப்ரவரியில் அவர் காலமானார்.

ஆனால் முப்பது உயிர் இருந்தாலும் மூன்றாம் கட்டமான அருவியில் ஒரு சிக்கல் உண்டு. இருவர் ஆடும்போது ஒருவன் வேகமாக மேலே ஏறினால் திரையும் கூடவே ஏறும். பின்தங்கியவன் திரைக்குக் கீழே போய்ச் செத்துவிடுவான். எதிரி சுடவே வேண்டாம், கூட்டாளியின் அவசரமே போதும். என் அண்ணன் அங்கே ஒவ்வொரு பாறையிலும் நின்று, "ஏலே, நீ முதல்ல ஏறு, நான் வாரேன்" என்பான். அவன் கையில் உயிர் குறைந்துகொண்டே இருக்கும்.

பிளஸ் டூ முடித்ததும் அவன் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனான். அவனுக்கும் பாலிடெக்னிக் ஆசை இருந்தது. வீட்டில் ஒருவனைத்தான் படிக்க வைக்க முடியும் என்ற நிலை. போனில் கேட்டால் இப்போதும் அதே பதில்தான்: "நீ முதல்ல ஏறுல."

நண்பர்களே, நம்மில் பலருக்குப் பின்னால் இப்படி ஓர் அண்ணனோ அக்காவோ பாறையில் நிற்கிறார்கள். டிப்ளமோ வாங்கி மேலே ஏறும்போது திரையைக் கொஞ்சம் நிறுத்தி வைப்போம். அவர்களும் ஏறி வரட்டும்!

— மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னணுவியல் துறை