மண்டையோட்டை அளந்தவர்கள்

மூளை பெரிதானால் அறிவும் பெரிது என்ற நம்பிக்கை நம்முள் ஆழமாக ஊறியிருக்கிறது. ஒருவரைத் திட்டும்போதுகூட மண்டையில் ஒன்றுமில்லை என்கிறோம், அல்லது களிமண் இருக்கிறது என்கிறோம். அறிவை ஒரு பாத்திரத்தின் கொள்ளளவாகக் காணும் பழக்கம் இது. இந்தப் பழக்கத்தின் வரலாற்றில் எங்கள் தாமிரபரணிக் கரைக்கும் ஒரு சிறு பங்கு உண்டு என்பதைச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் அறிந்துகொண்டேன்.

ஆழ்வார்திருநகரியிலிருந்து திருநெல்வேலிச் சாலையில் மேற்கே சில மைல் போனால் ஆதிச்சநல்லூர்ப் பறம்பு. 1876ல் ஜெர்மானியரான யாகோர் அங்கே தோண்டி, கிடைத்தவற்றை பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899 தொடங்கிச் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ விரிவாக அகழ்ந்தார். தாழிகளும் பொன்பட்டங்களும் வெண்கலமும் இரும்பும் வந்தன. கூடவே மனித மண்டையோடுகளும் வந்தன. அவற்றைப் பற்றி 1930ல் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வெளியீடாக ஓர் ஆய்வு அச்சானது. எழுதியவர் சாலி சக்கர்மன். குறிப்பு சேர்த்தவர் கிராஃப்டன் எலியட் ஸ்மித். மூளையின் பரிணாம வரலாற்றைப் படிக்கிறவர்கள் தவிர்க்கவே முடியாத இரு பெயர்கள், நான் பேருந்தில் கடந்துபோகும் ஒரு செம்மண் மேட்டோடு சேர்ந்து நிற்பதைப் பார்த்தபோது எனக்கு வியப்பும் சற்றே கலக்கமும் உண்டாயிற்று.

எலியட் ஸ்மித் தம் காலத்தின் மாபெரும் மூளை உடற்கூறியலாளர். மனிதன் மனிதனானதில் மூளையே முன்னால் நடந்தது, உடல் பின்னால் வந்தது என்று கருதியவர். 1912ல் இங்கிலாந்தில் பில்ட்டவுன் மண்டையோடு அறிவிக்கப்பட்டபோது அதன் உட்புற வார்ப்பை ஆராய்ந்து ஏற்றுக்கொண்டவர்களில் அவரும் ஒருவர். பெரிய மூளை, குரங்குத் தாடை: அவர் எதிர்பார்த்தது அப்படியே மண்ணிலிருந்து எழுந்து வந்திருந்தது. அது ஒரு மோசடி, மனித மண்டையும் ஒராங்குட்டான் தாடையும் சேர்த்துச் செய்தது என்று 1953ல் தெரிந்தது. இதற்கிடையே, அவரிடம் பணியாற்றிய ரேமண்ட் டார்ட் 1925ல் தென்னாப்பிரிக்காவிலிருந்து அறிவித்த டாங் குழந்தையின் மண்டையோடு எதிர்த்திசையைக் காட்டியது. மூளை சிறியது, ஆனால் நிமிர்ந்து நடந்த உயிரினம். இந்தோனேசியாவின் ஃப்ளோரஸ் தீவில் கிடைத்து 2004ல் அறிவிக்கப்பட்ட குள்ள மனிதர்களின் மூளை ஏறத்தாழ 400 கன சென்டிமீட்டர்தான், சிம்பன்சி அளவு. அவர்களின் எலும்புகள் கிடைத்த குகையிலேயே கற்கருவிகளும் கிடைத்தன.

சக்கர்மன் அப்போது லண்டன் விலங்கியல் சங்கத்தில் பணியாற்றிய இளைஞர். அங்கே ஒரு செயற்கைக் குன்றில் அடைக்கப்பட்டிருந்த பபூன் குரங்குகளைக் கவனித்து, வன்முறையும் காமமுமே குரங்குச் சமூகத்தின் அடித்தளம் என்ற முடிவுக்கு வந்து 1932ல் நூலாக எழுதினார். பிற்பாடு காட்டுக்கே சென்று பார்த்தவர்கள் கண்டது வேறு. நெருக்கியடித்து, பெண் குரங்குகள் மிகக் குறைவாக இருந்த ஒரு சிறையின் இயல்பை அவர் குரங்கின் இயல்பாக எழுதிவிட்டிருந்தார்.

இவர்களை ஏளனம் செய்வது என் நோக்கமல்ல. இருவருமே உழைப்பாளிகள், கூரியவர்கள். ஆனால் அளவுகோலை முதலில் முடிவு செய்துகொண்டு பிறகு உயிரைப் பார்த்தவர்கள். ஆதிச்சநல்லூர்த் தாழியில் கிடந்தவரின் மண்டையோட்டை நீள அகலம் அளந்து எந்த இனம் என்று பிரிப்பதே அக்காலத்து அறிவியலாக இருந்தது. அந்த மண்டைக்குள் ஆற்றின் பெயர் இருந்திருக்கும், உலோகம் உருக்கும் நுணுக்கம் இருந்திருக்கும், இறந்தவருக்கு நெற்றியில் பொன்பட்டம் கட்டவேண்டும் என்ற துக்கம் இருந்திருக்கும். எந்த இடுக்கி அளவுகோலிலும் அவை ஏறவில்லை.

அளவு எவ்வளவு ஏமாற்றும் என்பதை இன்றைய ஆய்வுகள் தெளிவாகவே சொல்கின்றன. மனித மூளை சுமார் 1.4 கிலோ, யானைக்கு ஏறக்குறைய 5 கிலோ, எண்ணெய்த் திமிங்கிலத்துக்கு 8 கிலோ. பிரேசிலைச் சேர்ந்த சுசானா ஹெர்குலானோ ஹூசெல் மூளையைக் கரைசலாக்கி நியூரான்களை எண்ணும் முறையைக் கண்டுபிடித்தார். மனிதனுக்கு 8,600 கோடி. ஆப்பிரிக்க யானைக்கு 25,700 கோடி. ஆனால் யானையின் நியூரான்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழுக்கும் மேல் சிறுமூளையில் இருக்கின்றன. தும்பிக்கை என்னும் அந்த அற்புத உறுப்பை ஆள்வதற்கே அத்தனையும் என்று கருதுகிறார்கள். பெருமூளைப் புறணியில் இருப்பவை 560 கோடி மட்டுமே. நமக்கு அங்கே 1,600 கோடி. இன்னொரு பக்கம் பறவைகள். அண்டங்காக்கை இனத்தில் ஒன்றின் மூளை 14 கிராம்தான். 2016ல் வெளியான கணக்குப்படி அதன் முன்மூளையில் நூறு கோடிக்கு மேல் நியூரான்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. தன்னைவிட மூன்று மடங்குக்கு மேல் பெரிய மூளையுள்ள கபுச்சின் குரங்குக்குச் சமானம். திதிச் சோற்றுக்கு நாம் அழைக்கும் காகமும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

மூளை ஏன் வளர்கிறது என்பதற்கும் ஒரே விடை இல்லை. கூட்டம் பெரிதாக, உறவுகளை நினைவில் வைக்க மூளை வளர்ந்தது என்றார் ராபின் டன்பர், 1992ல். 2017ல் நூற்று நாற்பதுக்கும் மேற்பட்ட குரங்கினங்களை ஒப்பிட்ட ஆய்வு, உணவே முக்கியம் என்றது. பழம் தின்பவற்றுக்கு இலை தின்பவற்றைவிடச் சுமார் 25 சதவீதம் கூடுதல் மூளை. இதைப் படித்ததும் எனக்குத் தாமிரபரணி பிறக்கும் களக்காடு முண்டந்துறைக் காடுதான் நினைவுக்கு வந்தது. பழம் தேடி அலையும் சிங்கவால் குரங்கும், இலையை மென்றபடி கிளையில் அமர்ந்திருக்கும் கருமந்தியும் ஒரே காட்டில் வாழ்கின்றன. எந்த மரம் எப்போது பழுக்கும் என்ற கேள்வி ஒன்றுக்கு. இலையின் நஞ்சை எப்படிச் செரிப்பது என்ற கேள்வி மற்றதற்கு. ஒன்று மூளையால் விடை சொன்னது, மற்றது வயிற்றால். இதில் எது தேர்ச்சி, எது தோல்வி?

இவ்விடத்தில் ஆழ்வார்திருநகரியின் புளியமரத்தை நினைக்காமல் இருக்க முடிவதில்லை. பதினாறு ஆண்டுகள் பேசாமல் அதனடியில் அமர்ந்திருந்தார் நம்மாழ்வார் என்பது ஐதீகம். மதுரகவி வந்து முதலில் ஒரு கல்லைப் போட்டுப் பார்த்தார். காது கேட்கிறதா என்ற சோதனை. பிறகு ஒரு கேள்வி கேட்டார். தகுந்த கேள்வி வந்ததும் மௌனம் உடைந்தது. அதற்கு முன் வந்தவர்களுக்கெல்லாம் அங்கே இருந்தது ஓர் ஊமைப்பிள்ளை மட்டுமே.

யானைகளின் கதையும் ஏறக்குறைய இதுதான். உயரத்தில் தொங்கும் பழத்தை எடுக்கக் கோலைக் கொடுத்துப் பார்த்தார்கள். யானை அதைப் பயன்படுத்தவில்லை. தும்பிக்கையில் கோலைப் பிடித்தால் மோப்பம் தடைப்படும் என்பதை யோசித்த ஆய்வாளர்கள் ஒரு பெட்டியை வைத்தார்கள். வாஷிங்டன் விலங்கியல் பூங்காவில் ஓர் இளம் ஆண் யானை பெட்டியைத் தள்ளிக்கொண்டுவந்து, அதன்மேல் காலூன்றிப் பழத்தைப் பறித்தது. 2011ல் அந்த ஆய்வு வெளியானது. அந்த யானையின் பெயர் கண்டுல. எல்லாளனை எதிர்த்துப் போரிட்ட துட்டகைமுனுவின் யானைக்கு மகாவம்சம் தரும் பெயர்.

சிறுவயதில் நான் பார்த்த கோயில் யானையிடம் நாங்கள் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: காசை வாங்கிக்கொண்டு தலையில் தும்பிக்கையை வைப்பாயா? அது ஒவ்வொரு முறையும் சரியாகவே விடை சொன்னது. ஐந்து கிலோ மூளையிடம், காலில் சங்கிலியோடு, நாள் முழுக்க அதே கேள்வி. அதற்கு எவ்வளவு தெரியும் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சங்கிலியைப் பற்றியும் கேட்கவேண்டியிருந்திருக்கும்.