தலைக்கட்டு வரி

பொம்மலாட்டக்காரர் தலையில் ஓர் இரும்பு வளையம் மாட்டியிருப்பார். பொம்மையைத் தாங்கும் கயிறுகள் அந்த வளையத்தில் கட்டியிருக்கும். பொம்மையின் கைகளை அசைக்க இரண்டு கம்பிகள். கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கிய பொம்மை. பெரிய பொம்மை என்றால் நாலரை அடி உயரம், 10 கிலோ வரை கனம் இருக்கும். அவ்வளவையும் தலையில் தாங்கி, காலில் சலங்கை கட்டிக்கொண்டு அவர் ஆடினால்தான் பொம்மை ஆடும். கண்ணுக்குத் தெரிவது வள்ளி. காதில் விழுவது அவர் கால் சலங்கை. பென்னாகரம் பக்கத்து எங்கள் ஊரில், சின்னப் பையனாக நான் படுதா ஓரத்துக்குப் போய் நின்று அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

தர்மபுரி மாவட்டத்தில் பெங்களூருக்கு ஆள் அனுப்பாத ஊர் இருக்காது. மானாவாரி நிலம். கேழ்வரகும் நிலக்கடலையும் வானத்தைப் பார்த்து நிற்கும். மழை ஏமாற்றினால் மேஸ்திரிக்குப் போன் போடவேண்டியதுதான். பஸ் ஏறினால் மூன்று நான்கு மணி நேரத்தில் வேறு மொழி, வேறு தண்ணீர். இவ்வளவு கிட்டத்தில் இருப்பதால் இதை யாரும் புலம்பெயர்வு என்று சொல்வதில்லை. 'நெனச்சா வந்துட்டுப் போலாமே' என்பார்கள். நினைக்கிறோம்; அன்றைக்குக் கட்டடத்தில் தளம் போடுகிற நாளாக இருக்கிறது.

எனக்கு ஊர் என்றால் பாரதக் கூத்துதான். திரௌபதி அம்மன் கோயிலில் 18 நாள். பகலில் பாரதம் படிப்பார்கள், ராத்திரி விடிய விடிய கூத்து. இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னால் கிரீடத்தின் உச்சி மட்டும் தெரிய, துரியோதனன் ஆடியபடி வருவான். முகவீணையும் மிருதங்கமும் ஏறிக்கொண்டே போகும். திரை விலகும்போது, முன்வரிசையில் சாக்கை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் வீறிட்டு எழும். கடைசி நாள் படுகளம். ஊர் மண்ணைக் குழைத்து, வானத்தைப் பார்த்துக் கிடக்கும் பிரம்மாண்டமான துரியோதனனைச் செய்து வைத்திருப்பார்கள். அந்த மண்ணுடம்பைச் சுற்றித்தான் பீமன் வேடக்காரர் ஆடுவார். தொடை பிளந்ததும் திரௌபதி கூந்தல் முடிவாள். அதன்பின் துடைப்பத்தடி. அடி வாங்கினால் பீடை விலகும் என்று சனம் வரிசையில் நிற்கும்.

இதற்கெல்லாம் பணம் தலைக்கட்டு வரி. கல்யாணமான ஒவ்வொருவன் பேரிலும் ஒரு வரி. நோட்டில் பேர் ஏறியவனுக்குக் கூத்தில் குற்றம் சொல்ல உரிமை உண்டு. 'என்னாய்யா கர்ணனுக்குக் கொரலே எழும்பல' என்று கூத்து வாத்தியாரிடமே கேட்கலாம். பெங்களூரிலும் நல்ல நாடகம் நடக்கிறது, பொம்மலாட்டமும் நடக்கிறது. டிக்கெட் வாங்கி உட்கார்ந்து, முடிந்ததும் கைதட்டி எழுந்து வருகிறேன். அங்கே யாரையும் அப்படிக் கேட்க எனக்கு வாய் வருவதில்லை.

ஊரை விட்டுப் போகும்போது கூத்தையும் கூடவே கொண்டுபோனவர்கள் உண்டு. தர்மபுரி 1965 வரை சேலம் மாவட்டத்தில் இருந்தது. அந்தப் பழைய சேலத்திலிருந்தும் திருச்சி, மதுரைப் பக்கமிருந்தும் இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் காமன் கூத்தையும் அர்ச்சுனன் தபசையும் பொன்னர் சங்கரையும் லயங்களுக்குக் கொண்டுபோனார்கள். 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964-இல் இந்திய, இலங்கை அரசுகள் உட்கார்ந்து யாருக்கு எத்தனை பேர் என்று பங்கு பிரித்தன. அப்படியும் காமன் கூத்தை அவர்கள் விடவில்லை. மாசி வந்தால் தோட்டத்தில் மன்மதனும் ரதியும் ஆடினார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

பெங்களூரிலேயே அப்படி ஒன்று இருப்பதை ஒரு சித்திரைப் பௌர்ணமி ராத்திரியில் கண்டேன். திகளர்பேட்டை தர்மராயசாமி கோயில் கரகம். மஞ்சள் சேலை கட்டி, வளையல் போட்ட ஆண், தலையில் மல்லிகைக் கோபுரமாய் நிற்கும் கரகத்தைக் கையால் தொடாமல் ஆடிவருகிறார். சுற்றிலும் வாளேந்திய வீரகுமாரர்கள். ஊர்வலம் மஸ்தான் தர்காவுக்கும் போகிறது. கரகம் வேறு யாருமில்லை, எங்கள் திரௌபதி! எடுப்பவர்கள் திகளர்கள், பூவும் காய்கறியும் விளைவித்த தோட்டக்காரர்கள், தமிழ்ப் பக்கமிருந்து எத்தனையோ தலைமுறைக்கு முன் வந்தவர்கள். அன்றைக்கு அந்த நகரமே அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு வந்து நின்றது. அவர்கள் அம்மனைக் கூடவே கூட்டிவந்துவிட்டார்கள். நாங்கள் ஊரில் விட்டுவிட்டு, வரியை மட்டும் அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

என் மகளைத் தோளில் ஏற்றிக் காட்டினேன். 'யாருப்பா அது?' என்று கன்னடத்தில் கேட்டாள். 'நம்ம ஊர்ச் சாமி' என்றேன். நம்ம ஊரில் அவள் ஒரு படுகளம்கூடப் பார்த்ததில்லை.

இந்த வருஷமும் பெரியப்பா போன் செய்தார். கூத்துச் செட்டு பேசியாயிற்று, பதினெட்டாம் நாள் புதன்கிழமை என்றார். வரியைப் போனிலேயே அனுப்பிவிட்டேன் என்றேன்.

"வரி எல்லாரும் அனுப்பிடறீங்கடா. பெங்களூரு, திருப்பூருன்னு எங்கிருந்தாலும் பாக்கி இல்லாம வந்துருது. விடியற வரைக்கும் ஒக்காந்து பாக்கத்தான் ஆள் இல்ல. நீயாச்சும் புள்ளயக் கூட்டிக்கிட்டு வா."

புதன்கிழமைக்கு லீவு கேட்டிருக்கிறேன்.