பாட்டை எடுத்துவிட்டால்

ஏழு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மாணவியிடம், "அந்த வீடியோவை எடுத்துரும்மா, நமக்கு எதுக்கு வம்பு" என்று சொன்னேன். தமிழில் முனைவர் பட்டம் வாங்கியவள், பெண்ணெழுத்து பற்றி மேடைகளில் பேசுகிறவள், கவிதைத் தொகுப்பு போட்டவள் சொன்ன வாக்கியம் அது. அவள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. "சரிங்கம்மா" என்றாள். அந்த "சரிங்கம்மா" இன்னும் எனக்குள் செரிக்காமல் கிடக்கிறது.

திரைப்படமும் இலக்கியமும் என்ற தாளுக்கு ஒரு திறனாய்வு எழுதிவரச் சொல்லியிருந்தேன். எல்லோரும் பத்துப் பக்கம் எழுதிக் கொண்டுவந்தார்கள். இவள் மட்டும் கைபேசியை நீட்டினாள். நாலு நிமிட வீடியோ. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பெண், கடைசி பெஞ்சில் உட்காருகிறவள், கேட்டால் ஒழியப் பேசாதவள்.

அவள் செய்திருந்தது மிகச் சின்ன வேலைதான். ஐந்து தமிழ்ப் படங்களிலிருந்து நாயகன் நாயகியின் பின்னால் போகும் காட்சிகளை வெட்டி எடுத்திருந்தாள். பேருந்து நிறுத்தம், கோயில் பிரகாரம், டியூஷன் வாசல், மாடிப்படி, மழை பெய்கிற தெரு. எல்லாக் காட்சியிலும் பாட்டை எடுத்துவிட்டாள். அந்த இடத்தில் தன் ஊர்த் தெருவின் சத்தத்தைப் பதிவு செய்து சேர்த்திருந்தாள். கண்டக்டரின் விசில், தூரத்தில் ஒரு நாய், சிமெண்ட் ரோட்டில் ஒரு செருப்புச் சத்தம். கொஞ்சம் கழித்து அதன் பின்னால் இன்னொரு செருப்புச் சத்தம். அவ்வளவுதான். ஒரு வார்த்தை விளக்கம் இல்லை.

வகுப்பில் போட்டபோது முதல் நிமிடம் பையன்கள் சிரித்தார்கள். மூன்றாவது நிமிடம் வகுப்பில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

அந்த ஐந்து பாட்டும் எனக்கு மனப்பாடம். ஒன்றை மட்டும் சொல்கிறேன். எனக்குப் பதினேழு வயது. ஒட்டன்சத்திரத்திலிருந்து திண்டுக்கல்லுக்குத் தனியார் பேருந்தில் கல்லூரிக்குப் போய்வந்தேன். எட்டு மாதம் ஒருவன் அதே பேருந்தில் வந்தான், நான் இறங்கும் இடத்தில் இறங்கினான், கல்லூரி வாசல் வரை பின்னாலேயே நடந்தான். நான் ஏறியதும் கண்டக்டர் அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டு அந்தப் பாட்டின் சத்தத்தைக் கூட்டுவார். பேருந்தே ரசிக்கும். வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அவனை யாரும் நிறுத்தப் போவதில்லை, என் படிப்பைத்தான் நிறுத்துவார்கள் என்று தெரியும். இதில் வெட்கமான விஷயம் ஒன்று உண்டு. அந்த வருடம் நான் எழுதிய ஒரு கவிதையில் அவன் "என்னை விட்டு நீங்காத நிழல்" ஆக வருகிறான். பயத்தைச் சொல்ல என்னிடம் சொல் இல்லை. பாட்டு தன் சொல்லைக் கொடுத்தது, வாங்கிக்கொண்டேன். இருபது ஆண்டு கழித்து என் மாணவியின் வீடியோவில்தான் அந்தச் செருப்புச் சத்தத்தை மறுபடி கேட்டேன்.

மகளிர் தினத்துக்காக அதை இணையத்தில் ஏற்றினாள். இரண்டாவது நாள் அறிவிப்பு வந்தது. பதிப்புரிமை கோரப்பட்டுள்ளது, வீடியோ முடக்கப்பட்டது. "பாட்டைத்தான் நான் எடுத்துட்டேனேம்மா" என்றாள். பாட்டை மட்டுமல்ல, படத்தையும் அந்த இயந்திரம் ஒப்பிட்டுப் பார்க்கிறது என்று அப்போது எங்கள் இருவருக்குமே தெரியாது. மறுப்புத் தெரிவிக்கலாம் என்றும் ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் சட்ட நடவடிக்கைக்கு உள்ளாகலாம் என்ற எச்சரிக்கையும் இருந்தது. விஷயம் துறைக்கு வந்தது, மேலேயும் போனது. "கல்லூரி பேர் கெடக்கூடாது" என்றார்கள். நான் அவளைக் கூப்பிட்டு மேலே எழுதிய வாக்கியத்தைச் சொன்னேன்.

குற்ற உணர்ச்சியில்தான் படிக்க ஆரம்பித்தேன். அவள் செய்தது புதிதல்ல என்று அப்போதுதான் தெரிந்தது. 1975இல் கேண்டி ஃபாங் என்ற அமெரிக்க ரசிகை, 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் படச்சட்டங்களை ஸ்லைடுகளாக அடுக்கி, ஒரு பாட்டோடு ஓடவிட்டுக் காட்டினார். அதிலிருந்து 'விட்டிங்' என்ற ஒரு கலையே வளர்ந்தது. வளர்த்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 1978–79இல் டாரா பிர்ன்பாம் என்ற கலைஞர் 'வொண்டர் வுமன்' தொலைக்காட்சித் தொடரிலிருந்து, சாதாரணப் பெண் சுழன்று வீராங்கனையாக மாறும் அந்த ஒரு கணத்தை எடுத்துத் திரும்பத் திரும்ப ஓட்டினார். ஒருமுறை பார்த்தால் அற்புதம். பத்து முறை பார்த்தால், ஆடை மாறுவதைத் தவிர அவளுக்கு என்னதான் மாறுகிறது என்று கேட்கத் தோன்றும். நியூயார்க்கில் ஒரு முடிதிருத்தும் நிலையத்தின் சன்னலிலும் அந்த வீடியோ ஓடியது.

2009இல் ஜொனாதன் மெக்கின்டாஷ் செய்த 'பஃபி வெர்சஸ் எட்வர்ட்' இன்னும் நேரடியானது. 'ட்வைலைட்' படத்தில் எட்வர்ட், பெண் தூங்கும் அறைக்குள் வந்து அவளைப் பார்த்துக்கொண்டு நிற்பான். படம் அதைக் காதல் என்கிறது. மெக்கின்டாஷ் அந்தப் பெண்ணை எடுத்துவிட்டு, பேய்களை வேட்டையாடும் தொலைக்காட்சி நாயகி பஃபியை அந்த இடத்தில் வைத்தார். அதே எட்வர்ட், அதே வசனம், அதே பார்வை. எதிரே நிற்கிற பெண் மட்டும் வேறு. அவள் அவனை நம்பவில்லை, கிண்டல் செய்கிறாள், கடைசியில் ஒழித்தே விடுகிறாள். அந்த வீடியோவுக்கும் பட நிறுவனத்தின் உரிமைக் கோரல் வந்தது, நீக்கப்பட்டது. அவர் விடாமல் போராடி, 2013இல் அது திரும்பி வந்தது. அமெரிக்கச் சட்டத்தின் 107ஆம் பிரிவு, 'நியாயமான பயன்பாடு' என்று நான்கு கேள்விகளை வைக்கிறது. எதற்காக எடுத்தாய், எடுத்தது என்ன வகைப் படைப்பு, எவ்வளவு எடுத்தாய், மூலத்தின் சந்தையை அது பாதிக்குமா. அவருடைய கையில் இருந்த ஆயுதம் அந்த நான்கு கேள்விகள்தான்.

நம் கையிலும் ஒன்று இருக்கிறது. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 52ஆம் பிரிவு. அமெரிக்காவைப் போல அகலமான கதவு அல்ல. 'நியாயமான கையாளல்' என்று சொல்லி, எவற்றுக்கெல்லாம் என்று பட்டியல் போடுகிறது. அந்தப் பட்டியலில் விமர்சனம் இருக்கிறது. அந்தப் படைப்பைப் பற்றியதாகவும் இருக்கலாம், வேறொரு படைப்பைப் பற்றியதாகவும் இருக்கலாம் என்றே சட்டம் சொல்கிறது. கற்பிக்கும்போது ஆசிரியரும் மாணவரும் ஒரு படைப்பைப் பயன்படுத்த இடமிருக்கிறது. கல்லூரிக்குள் மாணவர், ஆசிரியர், பெற்றோர் முன்னால் மட்டும் ஒரு படத்தைக் காட்டவும் இடமிருக்கிறது. நீதிமன்றமும் பேசியிருக்கிறது. 1952இல் அரங்கேறிய தோப்பில் பாசியின் புகழ்பெற்ற மலையாள நாடகத்துக்கு, அதன் பாத்திரங்களையும் வசனங்களையும் எடுத்துக்கொண்டே ஓர் எதிர்நாடகம் எழுதப்பட்டது. வழக்கு வந்தது. எடுத்தது எவ்வளவு என்பதோடு, எதற்காக எடுத்தது, மூலத்தோடு போட்டி போடுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும் என்று சொல்லி, 1996இல் கேரள உயர்நீதிமன்றம் எதிர்நாடகத்தின் பக்கம் நின்றது.

தமிழ் படித்தவளுக்கு இதற்காகக் கேரளம் வரை போக வேண்டிய தேவைகூட இல்லை. நன்னூல் பாயிரத்தை நான் ஆண்டுதோறும் நடத்துகிறேன். ஒரு நூல் பிற கருத்துகளோடு உறவுகொள்ளும் ஏழு வழிகளை அது சொல்கிறது. பிறர் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு களைவது அதில் ஒன்று. பிறர் நூலின் குற்றத்தை எடுத்துக்காட்டுவது இன்னொன்று. என் மாணவி செய்தது இந்த இரண்டும்தான். கல்யாண வீடுகளில் சம்பந்தி ஏசல் பாடுகிற பெண்கள், சினிமா மெட்டை எடுத்து மாப்பிள்ளை வீட்டைக் கிழிக்கிறார்களே, அவர்கள் யாரிடம் அனுமதி வாங்கினார்கள்? மனப்பாடமாக நடத்திய சூத்திரம், தேவைப்பட்ட நாளில் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

நம் ஊரில் ரீமிக்ஸ் என்றால் பழைய பாட்டுக்கு வேகமான தாளம் போட்டு, அதே பெண்ணை இன்னும் நெருங்கிப் பார்ப்பது. பணம் கொடுத்து உரிமை வாங்கிவிட்டால் யாரும் கேட்பதில்லை. அந்தப் பார்வையைக் கேள்வி கேட்கிறவளிடம் உரிமை வாங்கப் பணம் இருக்காது. இருந்தாலும், தன்னைத் திட்டுவதற்கு எவர் அனுமதி தருவார்? அனுமதி கேட்டுத்தான் விமர்சிக்க வேண்டும் என்றால் அதற்குப் பெயர் விளம்பரம்.

ஒன்றையும் மறைக்கக்கூடாது. இதே வெட்டி ஒட்டும் வேலைதான் ஒரு பெண்ணின் முகத்தை இன்னோர் உடலில் பொருத்தி அவளை மிரட்டவும் பயன்படுகிறது. "அதுவும் ரீமிக்ஸ்தானே மேடம்" என்று ஒரு மாணவன் கேட்டான். இல்லை. பொதுவில் வெளியிட்டு, டிக்கெட் விற்று, கோடிப் பேர் பார்த்த ஒரு படைப்புக்குப் பதில் சொல்வது வேறு. தன் படத்தைப் பொதுவில் வைக்காத ஒருத்தியின் உடலைத் திருடுவது வேறு. முன்னதில் கேள்வி அதிகாரத்தை நோக்கிப் போகிறது. பின்னதில் அதிகாரம் ஒருத்தியை நோக்கி வருகிறது. முழுப்படத்தையும் ஏற்றிவிட்டு விமர்சனம் என்று பெயர் வைப்பதும் இதில் சேராது.

போன மாதம் அவளைத் தேடிப் பிடித்துப் பேசினேன். ஒரு பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறாள். மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "பழைய மெமரி கார்டுல இருக்கும்மா" என்றாள். அன்று ராத்திரியே அனுப்பினாள். "இப்பப் போடலாமாம்மா?" என்று கீழே ஒரு வரி.

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தாள். ஒரு தாளை எடுத்துக் கோடு போட்டோம். எந்தப் படம், எத்தனை விநாடி, அந்தக் காட்சி எதற்கு. ஒவ்வொன்றுக்கும் அவள் காரணம் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். வீடியோவின் முடிவில் ஐந்து படங்களின் பெயரையும் சேர்த்தாள். மறுபடி முடக்கினால் மறுப்புப் படிவத்தில் என்ன எழுதுவது என்று தமிழில் எழுதிப் பார்த்துவிட்டு ஆங்கிலத்துக்கு மாற்றினோம். இதைப் படிக்கும் மாணவிகளுக்கும் அதையே சொல்கிறேன். ஏற்றுவதற்கு முன்பே அந்தத் தாளைத் தயார் செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் பயந்தால் 52ஆம் பிரிவை அவர் முன்னால் வையுங்கள்.

கிளம்பும்போது அவளிடம் கேட்டேன், "அந்த ரெண்டாவது செருப்புச் சத்தம் யாருதும்மா?"

"அதுவும் என்னோடதுதாம்மா" என்றாள். "தனியாதான் போய்ப் பதிவு பண்ணேன். வேற யாரையும் பின்னால நடக்கச் சொல்லப் பயமா இருந்துச்சு."