ஏரி எனும் அமானிதம்

சென்ற தை மாதத்தில் ஒரு நாள், பேரப்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வேடந்தாங்கல் சென்றிருந்தோம். சென்னையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில், மதுராந்தகத்தை அடுத்துள்ள சிற்றூர் அது. ஏரியின் பரப்பு ஏறத்தாழ 30 ஹெக்டேர்தான். ஆயினும் கரைமீது ஏறி நின்றதும் பிள்ளைகளின் பேச்சு அடங்கிவிட்டது. நீருக்குள் நிற்கும் மரங்களில் கிளைக்குக் கிளை கூடுகள். கூட்டுக்குக் கூடு குஞ்சுகள். நத்தைகுத்தி நாரைகளும், கூழைக்கடாக்களும், கரண்டிவாயன்களும், அரிவாள்மூக்கன்களும், வக்காக்களும், நீர்க்காகங்களும் தத்தம் மொழியில் இரைந்துகொண்டிருந்தன.

திரும்பும் வழியில் இளைய பேரன் கேட்டான்: “நன்னா, நம்ம ஊர்லயும் ஏரி இருக்கே, இந்தப் பறவையெல்லாம் அங்க ஏன் வர்றதில்ல?”

அன்று அவனுக்கு ஏதோ சொல்லிச் சமாளித்தோம். உண்மையான விடையைச் சொல்ல நமக்கு வெட்கமாக இருந்தது. அந்த விடையைத்தான் இங்கே எழுதுகிறோம்.

வேடந்தாங்கல் என்னும் பெயரிலேயே வேடன் இருக்கிறான். தாங்கல் என்பது சிறிய ஏரி. வேடர் திரிந்த இடம் பறவைகளின் புகலிடமானது அவ்வூர் மக்களால். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்கே வந்து பறவைகளைச் சுட்டு வீழ்த்தினர். ஊரார் கொதித்தெழுந்து செங்கல்பட்டுக் கலெக்டரிடம் முறையிட்டனர். அப்போது கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையை அவர்களுக்கு அளித்து ஒரு கவுல் எழுதிக் கொடுத்தார். கவுல் என்பது நமக்கு அந்நியமான சொல் அன்று. ‘கவ்ல்’ என்ற அரபுச் சொல்லே அது. சொல், வாக்கு என்பது பொருள். ஏர் பிடிக்கும் எளிய மக்கள் அரசாங்கத்திடம் ஒரு வாக்கைப் பெற்று, இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தம் பங்கு வாக்கையும் காத்து வருகிறார்கள் என்பது எத்துணை பெரிய செய்தி! பறவைகளின் சரணாலயமாக அரசு அந்த ஏரியை ஏற்றுக்கொண்டது 1936ஆம் ஆண்டில்தான்.

அம்மக்கள் இரக்கத்தால் மட்டும் இதைச் செய்தார்கள் என்று எண்ண வேண்டாம். பறவைகளின் எச்சம் ஏரி நீரில் கரைகிறது. தழைச்சத்தும் மணிச்சத்தும் நிறைந்த அந்நீர் மதகு வழியே வயலுக்குப் பாய்கிறது. விலை கொடுத்து வாங்காத உரம் அது. பறவைக்கோ நீர் சூழ்ந்த மரம் வேண்டும். நரியும் பூனையும் கூட்டை நெருங்காதிருக்க அந்நீரே அரண். மழை பொய்த்து ஏரி வறண்டால் அந்த அரண் போய்விடும், இரையும் குறைந்துவிடும், பறவைகளும் வாரா. மனிதனும் பறவையும் ஒருவர்க்கொருவர் கடன்பட்டு வாழும் ஏற்பாடு இது.

இன்னொன்றையும் நாம் உணர வேண்டும். கூடு ஏரியில் இருந்தாலும் உணவு ஏரியில் மட்டும் இல்லை. சுற்றியுள்ள வயல்களிலும் குட்டைகளிலும் பிற ஏரிகளிலும் நத்தையும் மீனும் தவளையும் தேடித்தான் நாரை குஞ்சுக்கு ஊட்டுகிறது. இதனால்தான் 1998ஆம் ஆண்டில் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரையுள்ள பரப்பும் சரணாலயம் என அறிவிக்கப்பட்டது. 2020ஆம் ஆண்டில் அந்த 5 கிலோமீட்டரை 3 ஆகக் குறைக்க ஒரு முன்மொழிவு எழுந்தது. நாடெங்கிலுமிருந்து எதிர்ப்புக் கிளம்பியது. ஏரியைத் தொடவில்லையே, பிறகு ஏன் இந்தக் கூச்சல் என்று கேட்டவர்களும் இருந்தார்கள். வீட்டைத் தொடாமல் அடுப்பங்கரையை மட்டும் இடித்தால் அந்த வீட்டில் குடியிருக்க இயலுமா? 2022ஆம் ஆண்டில் வேடந்தாங்கல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலைகளுள் ஒன்றாயிற்று. பெருமை வந்துவிட்டது, பொறுப்பும் உடன் வந்திருக்கிறது.

இனி எங்கள் ஊர்க் கதைக்கு வருவோம்.

நாங்கள் சிறுவராய் இருந்தபோது எங்கள் ஏரியிலும் பறவைகள் இருந்தன. எங்கள் மாமு ஒரு காற்றுத் துப்பாக்கி வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் ஏரிக்கரைக்குப் போவார். பையைச் சுமந்துகொண்டு பின்னால் ஓடுவது எங்கள் வேலை. கொக்கும் சிறவியும் விழும். அக்காலத்தில் அது எவருக்கும் தவறாகப் படவில்லை. பம்பாயில் சாலிம் அலி என்ற சிறுவரும் இப்படித்தான் காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். அதன் கழுத்தில் மஞ்சள் நிறத்தைக் கண்டு, இது என்ன பறவை என்று கேட்டுப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் படியேறினார். அந்த ஒரு கேள்வி அவரை இந்தியப் பறவையியலின் பேரறிஞராக்கிற்று. எங்களுக்கோ கேள்வி எதுவும் தோன்றவில்லை. பையின் கனம்தான் தெரிந்தது.

ஆயினும் எங்கள் ஏரியின் பறவைகளை விரட்டியது அந்தத் துப்பாக்கி அன்று. ஏரிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாயை ஒட்டியிருந்த வயல்கள் மனைகளாயின. விலை மலிவு என்றார்கள். நாங்களும் ஒரு மனை வாங்கினோம். வீடு கட்டியபோது சுற்றுச்சுவரை ஆறடி வெளியே தள்ளி எழுப்பினோம். அது கால்வாயின் இடம் என்பது கொத்தனாருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். எல்லோரும் செய்ததைத்தான் செய்தோம். சில ஆண்டுகளில் கால்வாய் சாக்கடையாயிற்று. ஏரியில் ஆகாயத்தாமரை படர்ந்தது. கரை மரங்கள் விறகாயின. பறவைகள் எப்போது வராமல் போயின என்பதைக்கூட எவரும் குறித்து வைக்கவில்லை.

2015ஆம் ஆண்டு டிசம்பரில் பெருமழை பெய்தது. கால்வாய் இருந்த வழியிலேயே வெள்ளம் வந்து எங்கள் வீட்டினுள் இடுப்பளவு நின்றது. உடுத்திய துணியோடு பள்ளிவாசல் மாடியில் மூன்று நாள் தங்கினோம். எங்களைப் போலவே அண்டைத் தெருவின் இந்துக் குடும்பங்களும் அங்கே இருந்தன. நீர் வடிந்தபின் வீட்டு வாசலில் இரண்டு கொக்குகள் நின்றிருந்தன. விரட்ட மனம் வரவில்லை.

அதன்பின் ஜமாஅத்தாரும் அண்டைத் தெருப் பெரியவர்களும் கூடிப் பேசினார்கள். கால்வாயைத் தூர்வார வேண்டும் என்பதில் எவருக்கும் மறுப்பில்லை. ஆனால் எந்தச் சுவரை முதலில் இடிப்பது? கூட்டத்தில் நெடுநேரம் மௌனம். எங்கள் சுவரை இடிக்கிறோம் என்று சொன்னோம். பிள்ளைகளுக்கு வருத்தம்தான். “ஊரே எடுத்துக்கிட்டிருக்கு, நாம மட்டும் ஏன் அத்தா விடணும்?” என்று மூத்தவன் கேட்டான். “ஊர் எடுத்ததுக்கு ஊர் பதில் சொல்லட்டும், நாம எடுத்ததுக்கு நாமதானே பதில் சொல்லணும்” என்றோம். அவன் மேலே பேசவில்லை. எங்களைப் பார்த்து இன்னும் நான்கு வீட்டார் சுவரைத் தள்ளிக் கட்டினார்கள். மற்றவர்கள் கட்டவில்லை. கால்வாயில் இப்போது பாதி நீர் வருகிறது.

பாதி நீருக்குப் பாதிப் பறவை என்ற கணக்கு இல்லை. கொக்குகள் வருகின்றன, எப்போதாவது ஒரு நாரை வந்து நின்று பார்த்துவிட்டுப் போகிறது. கூடு கட்ட மரம் இல்லையே! சென்ற மழைக்காலத்தில் பிள்ளைகளை விட்டுக் கரையோரம் நீர்க்கடம்புக் கன்றுகள் சிலவற்றை நட்டோம். அவை வளர்ந்து கூடு தாங்கும் காலத்தில் நாங்கள் இருக்கமாட்டோம்.

ஏரி நம் பாட்டனார் நமக்கு எழுதி வைத்த சொத்து அன்று. நமக்குப் பின்வருவோருக்குரியதை நம்மிடம் ஒப்படைத்திருக்கும் அமானிதம். ஒப்படைக்கப்பட்ட பொருளில் ஆறடியைக் குறைத்துக் கொடுப்பவனை நாம் என்ன பெயர் சொல்லி அழைப்போம்? ஒவ்வோர் ஊரிலும் ஓர் ஏரியோ குளமோ இருக்கிறது. வாசகர்கள் ஒருநாள் மாலை தம் பிள்ளைகளுடன் அதன் கரைவரை நடந்து சென்று பார்க்கட்டும். நீர் வரும் வழி எது, அந்த வழியில் நிற்பது யாருடைய சுவர் என்று பார்க்கட்டும்.

எங்கள் பேரனுக்கு உரிய விடையை இன்னும் நேரில் சொல்லவில்லை. அடுத்த விடுமுறைக்கு அவன் வரும்போது, இடித்த சுவரின் அடித்தளம் கிடக்கும் இடத்திற்கு அழைத்துச் சென்று சொல்ல வேண்டும்.