தலைமுறை என்கிற சௌகரியம்

தலைமுறை என்று பிரித்துப் பேசுவது நமக்குச் சௌகரியம். மணிக்கொடித் தலைமுறை, எழுத்துத் தலைமுறை என்று நானும் எழுதியிருக்கிறேன். 1959இல் 'எழுத்து'வைத் தொடங்கிய செல்லப்பாவே மணிக்கொடிக்காரர்தான் என்பது அப்போது உறைக்கவில்லை.

2017 நவம்பர் கடைசியில் அம்மா காய்ச்சலோடு ஓர் அரசு மருத்துவமனையில் ஒன்பது நாள் கிடந்தாள். பாங்க் விட்டதும் சிங்காரப்பேட்டையில் பஸ் ஏறிப் போவேன். வார்டில் இரண்டு நர்சுகள். மூத்தவர் ஓய்வு பெற ஒரு வருஷம் இருந்தது. கண்ணாடி ஸிரிஞ்சைக் கொதிக்க வைத்து ஊசி போட்ட காலத்தில் வேலைக்கு வந்தவர். அம்மாவின் கையில் நரம்பை விரலாலேயே தடவிக் கண்டுபிடித்துவிடுவார். "இதுங்களுக்கு டூட்டி முடியற நேரம் மட்டும்தான் தம்பி தெரியும்" என்பார், இளையவள் காதுபட. அவள் பதில் சொல்ல மாட்டாள். நான் மூத்தவர் கட்சி. சேவை, ஈடுபாடு என்று வார்த்தைகள் தயாராக இருந்தன. விமர்சகனுக்கு இது ஒரு வியாதி. ட்ரிப்ஸ் ஏறாமல் அம்மா கை வீங்கியதை முதலில் பார்த்தவள் இளையவள்தான். அதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

இடையில் ஒரு நாள் காலை அவள் என் கவுண்ட்டருக்கு வந்தாள், பாஸ்புக் பதிய. மாதம் 7,700. (அடுத்தவர் பாஸ்புக்கை வெளியே பேசக் கூடாது, இது பத்திரிகைகளில் வந்த தொகைதான்.) 2015இல் தேர்வெழுதி ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டவர்கள், இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்ற நம்பிக்கையில் இருந்தவர்கள். மூத்தவருக்கோ காலமுறை ஊதியம், ஓய்வூதியம். வார்டு ஒன்று, ஊசி ஒன்று, இரவும் ஒன்று. நாளைக்கு 256 ரூபாய் சொச்சம் என்று கணக்குப் போட்டேன், தொழில் பழக்கம். கடைசி பஸ் போய்விட்டால் அது ஆட்டோவுக்கே சரியாகிவிடும்.

27ஆம் தேதி தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். உயர்நீதிமன்றம் தடை விதித்தது. சம்பளம் பிறகு கூடியது. கோவிட் காலத்தில் ஒப்பந்தத்தில் எடுத்தவர்களை 2022 டிசம்பர் 31ஓடு வீட்டுக்கு அனுப்பினார்களே, அவர்களை எந்தத் தலைமுறையில் சேர்ப்பது?

அந்த இரவு மூத்தவர் தனியாக இரண்டு வார்டு பார்த்தார். ஆறுதலாக இருக்கட்டும் என்று, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பில்லை என்றேன்.

"நான்தான் போகச் சொன்னேன்" என்றார். "ராத்திரி யாரு பாப்பாங்கன்னு கேட்டுக்கிட்டு இங்கயே நின்னா."

அம்மாவின் பாட்டிலை மாற்றிவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"உங்களுக்கு பஸ்சுக்கு நேரமாகலையா தம்பி?"