தொடக்க இருப்பு

பி.காம். படித்தவனுக்கு யூனிக்ஸ் குடும்பத்து ஆபரேட்டிங் சிஸ்டத்தில் என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கிறது ஸார். மார்ச் 31-ல் கணக்கை முடித்து, ஏப்ரல் 1-ல் புது லெட்ஜர் போடுகிறோமே, கிட்டத்தட்ட அதுதான் அப்கிரேடு. நோட்டு புதுசு. தொடக்க இருப்பு மட்டும் பழசிலிருந்து வந்தாக வேண்டும். அந்த ஒரு வரி விட்டுப்போனால், லெட்ஜர் எவ்வளவு பளபளப்பாக இருந்து என்ன பிரயோஜனம்?

எங்கள் தெருவில் ரிடையர்டு டீச்சர் ஒருவர் இருக்கிறார். அவருடைய கணவர், லேப்டாப்பில் டெபியன் 12 போட்டுக் கொடுத்துவிட்டு, மறு வருடமே காலமாகிவிட்டார். டெபியன் என்பது லினக்ஸில் ஒரு ரகம். 1993-ல் ஆரம்பித்தது. பைசா செலவில்லை. பதிப்புகளுக்கு 'டாய் ஸ்டோரி' படத்துப் பாத்திரங்களின் பெயர். 2023 ஜூனில் வந்த 12, 'புக்வார்ம்'. 2025 ஆகஸ்டில் வந்த 13, 'ட்ரிக்ஸி'. ஒரு பதிப்புக்கு முழுக் கவனிப்பு சுமார் மூன்று வருடம். அதற்குமேல் இரண்டு வருடம் பாதுகாப்புத் திருத்தங்கள். அப்புறம் மாறித்தான் ஆகவேண்டும்.

டீச்சர் ஒரு கடையில் விசாரித்திருக்கிறார். "எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா போட்டுடலாம்மா" என்றார்களாம். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்துவிட்டார்.

"அழிச்சா அவர் குரலும் போயிடுமா தம்பி?"

பேரனுக்கு ராத்திரியில் அவர் சொன்ன கதைகளை அதில் ரெக்கார்டு செய்து வைத்திருந்தார்கள். பதினோரு கதைகள். வேறெங்கும் காப்பி கிடையாது.

மனிதர் கெட்டிக்காரர். டெபியனை இன்ஸ்டால் செய்யும்போது, டிஸ்க்கை எப்படிப் பிரிக்கலாம் என்று கேட்கும். எல்லாம் ஒரே இடத்திலா, அல்லது 'ஹோம்' தனியாகவா? அவர் தனியாக வைத்திருந்தார். நம் படம், பாட்டு, கடுதாசி எல்லாம் ஹோமில். சிஸ்டம் வேறு அறையில். நாளைக்கே சிஸ்டத்தை அடியோடு மாற்ற நேர்ந்தாலும், ஹோமை ஃபார்மேட் செய்யாமல் விட்டுவிடலாம். ஆனால் இது பேக்கப் ஆகாது. டிஸ்க்கே போனால் இரண்டு அறையும் சேர்ந்து போகும்.

அதனால் முதலில் வெளி டிஸ்க்கில் ஒரு காப்பி எடுத்தோம். காப்பியிலிருந்தே ஒரு கதையை ஓடவிட்டோம். ஓட்டிப் பார்க்காத காப்பியை நம்பக்கூடாது. டீச்சர் இரண்டு நிமிஷம் கேட்டார். "போதும் தம்பி, ஆரம்பிங்க" என்றார்.

வேலை சுலபம். இருக்கிற 12-ஐ முழுசாகப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். புரோகிராம்கள் எங்கிருந்து வருகின்றன என்ற பட்டியலில் 'புக்வார்ம்' இருக்கும் இடத்தில் 'ட்ரிக்ஸி' என்று எழுத வேண்டும். பிறகு 'ஆப்ட்' என்ற கட்டளை பார்த்துக்கொள்ளும். ஒன்றே ஒன்று, படி தாண்டக்கூடாது. 11-ல் இருப்பவர் 12-க்கு வந்துதான் 13-க்குப் போகவேண்டும்.

பாதி வழியில் அது நின்று ஒரு கேள்வி கேட்டது. ஒரு செட்டிங் ஃபைலை யாரோ கையால் மாற்றியிருக்கிறார்கள். பழசே இருக்கட்டுமா, புதுசு போடவா? சும்மா என்டர் தட்டினால் பழசு தங்கும். எல்லா சமயத்திலும் அது சரியில்லை. வித்தியாசத்தைக் காட்டு என்று கேட்டுப் பார்ப்பது நல்லது. கேட்டேன். மாறியிருந்தது ஒரு வரி. அதற்கு மேலே # போட்டு ஒரு குறிப்பு: 'பிரிண்டருக்காக'. # போட்ட வரியை மெஷின் படிக்காது. மனிதர்களுக்காக எழுதுவது அது.

"அவர் எழுதினதா?"

"ஆமாம் டீச்சர்."

"அப்ப இருக்கட்டும்."

என்டர் தட்டினேன்.

உங்கள் கம்ப்யூட்டரிலும், செல்போனிலும் திரும்ப டவுன்லோடு செய்ய முடியாதது எது என்று இன்று ராத்திரி ஒரு பட்டியல் போடுங்கள். பெரும்பாலும் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். அதற்கு இன்னொரு இடத்தில் காப்பி இருக்கிறதா என்று பாருங்கள். அப்கிரேடெல்லாம் அதற்கப்புறம்.