வாயுவை விட்டுக் காற்றுக்கு

இங்கிலாந்தின் பிப்ரவரியில் கேஸ் ஷாட்கன் சொன்னபடி கேட்காது. முதல் சில ஷாட்கள் நன்றாகப் போகும். அதன்பின் குண்டுகள் பாதி வழியிலேயே தரையைத் தொடும். ஏர்சாஃப்ட் ஆடுகிறவர்களுக்கு இது பழகிப்போன சங்கதி. 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டுகளை வைத்துக்கொண்டு காட்டுக்குள் அணி பிரிந்து ஆடும் விளையாட்டு அது. கண் பாதுகாப்பு இல்லாமல் யாரையும் களத்துக்குள் விடமாட்டார்கள். நான் கென்ட் பக்கத்துக் காடுகளில் ஆடுவது பெரும்பாலும் குளிர்காலத்தில்தான். அதனால்தான் என் டோக்கியோ மருயி எம்870 ஷாட்கனை வெளித் தொட்டிக் காற்றில் ஓடும்படி மாற்றினேன். பிறகு அணியிலுள்ள மற்றவர்களுடையதும் என் மேசைக்கு வரத் தொடங்கின.

குளிரில் கேஸ் ஷாட்கன் ஏன் சோர்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். இந்தத் துப்பாக்கியின் பின்கட்டைக்குள் ஒரு சிறிய டாங்கி இருக்கிறது. அதில் நாம் அடைப்பது திரவம். அது ஆவியாகித் தரும் அழுத்தம்தான் குண்டைத் தள்ளுகிறது. உள்ளே ஒரு சொட்டுத் திரவம் மிச்சமிருக்கும் வரை அந்த அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை ஒன்றே. மருயி இதை 134ஏ வாயுவுக்கென்று செய்தது. அந்த வாயு 25 டிகிரியில் ஏறத்தாழ 80 பி.எஸ்.ஐ. தரும், 5 டிகிரியில் அதில் பாதிகூட வராது. இங்கே எல்லோரும் அடைக்கும் கிரீன் கேஸ் பெரும்பாலும் புரொப்பேன்தான். அது 20 டிகிரியில் நூறைத் தாண்டும், 5 டிகிரியில் அறுபத்தைந்தை ஒட்டி நிற்கும். கோடையில் துப்பாக்கியின் தாங்குதிறனுக்கு மேல், குளிரில் போதாக்குறை. இது போதாதென்று, ஆவியாகும் ஒவ்வொரு முறையும் திரவம் தன் சூட்டையே இழக்கிறது. பெரிய அடுப்பை நெடுநேரம் எரித்தால் சமையலறை சிலிண்டரின் வெளிப்புறம் வியர்த்துச் சில்லிடுமே, அதேதான். ஷாட்கன் ஒரே அழுத்தலில் மூன்று அல்லது ஆறு குண்டுகளைத் தள்ளுவதால் ஒவ்வொரு முறையும் நிறைய வாயுவை விழுங்குகிறது. விரைவில் குளிர்ந்துபோகிறது.

காற்றுத் தொட்டியில் திரவம் கிடையாது. நான் வைத்திருப்பது 48 கன அங்குல அலுமினியத் தொட்டி, முக்கால் லிட்டருக்குச் சற்று மேல். 3000 பி.எஸ்.ஐ. வரை அடைக்கலாம். தொட்டியின் தலையிலுள்ள ரெகுலேட்டர் அதைச் சில நூறுகளுக்கு இறக்கும். அடுத்து வரும் ஏர்சாஃப்ட் ரெகுலேட்டர் நமக்கு வேண்டிய எண்ணுக்குக் கொண்டுவரும். பனியோ வெயிலோ, துப்பாக்கிக்குப் போகும் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றுதான்.

இது புதுச் சரக்கல்ல. 1980களில் ஜப்பானில் வெளித் தொட்டியும் குழாயுமாக ஏர்சாஃப்ட் துப்பாக்கிகள் இருந்தன. 1991இல் மருயியின் மின்சார ஃபாமாஸ் துப்பாக்கி வந்தபிறகுதான் அந்தக் குழாய்கள் பின்னுக்குப் போயின.

மாற்றும் வேலை டாங்கியின் நிரப்பு வால்வில் தொடங்குகிறது. அதைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் குழாய் மாட்டும் அடாப்டரைத் திருக வேண்டும். அதே மரையில் ஓ-ரிங்கோடு உட்காரும் ஆயத்த அடாப்டர் கிடைத்தால் அதையே வாங்குங்கள். கிடைக்காதபோதுதான் டாங்கியில் 1/8 என்.பி.டி. மரை வெட்ட நேர்கிறது. என்.பி.டி. கூம்பு மரை, உள்ளே போகப் போக ஆப்பு அடித்தாற்போல் இறுகும். டாங்கியோ வார்ப்புத் துத்தநாகக் கலவை, இழுத்தால் வளையாது, விரிசல் விடும். அதனால் மரை வெட்டும் டேப்பைக் கையால்தான் சுற்ற வேண்டும், ஒரு சுற்று முன்னே, அரைச் சுற்று பின்னே. பிசிர் உடைந்து விழும் சிறு முறுக்கம் விரலுக்குத் தெரியும். அடிக்கடி நிறுத்தி அடாப்டரை வைத்துப் பார்ப்பேன். கையால் மூன்று நான்கு சுற்று ஏறி, ஸ்பேனரால் ஒன்றரைச் சுற்றில் இறுகினால் ஆழம் சரி. டெஃப்லான் நாடா சுற்றும்போது முதல் மரையை வெறுமையாக விடுவேன். அங்கே சுற்றிய நாடா கிழிந்து வால்வுக்குள் போய்விடும். ஒரே ஒரு உலோகப் பிசிர் வால்வின் இருக்கையில் ஒட்டிக்கொண்டாலும் கசிவு தீரவே தீராது. எனவே டாங்கியை முழுவதும் பிரித்துக் கழுவாமல் பூட்டுவதில்லை.

பூட்டியபின் சோப்புத் தண்ணீர். பெரிய கசிவு உடனே குமிழியாகும். சின்னது வெள்ளை நுரையாக மெல்லச் சேரும், பொறுமையாக உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். குண்டு எதுவும் இல்லாமல் இரவு முழுக்க இணைத்து வைத்துக் காலையில் அழுத்தமானியைப் பார்ப்பேன். அறை குளிர்ந்தாலே முள் கொஞ்சம் இறங்கும். அதைக் கசிவென்று எண்ணி நல்ல இணைப்பைப் பிரிக்க வேண்டாம்.

எண்ணெய் விஷயத்தில் கவனம் தேவை. ஏர்சாஃப்ட் கேஸில் பெரும்பாலும் சிலிகான் எண்ணெய் கலந்திருக்கும். ஒவ்வொரு ஷாட்டும் ஓ-ரிங்குகளை நனைத்துக்கொண்டே போகும். காற்று உலர்ந்தது. அந்த வேலையை இனி நாம்தான் செய்ய வேண்டும், துப்பாக்கிப் பக்கத்தில் மாத்திரம், சில சொட்டுச் சிலிகான் எண்ணெய். தொட்டியை நிரப்பும் முனையில் எந்த எண்ணெயையும் நெருங்க விடக்கூடாது. உயர் அழுத்தக் காற்று பாய்ந்து இறுகும்போது பிறக்கும் சூட்டில் எண்ணெய் தீப்பிடிக்கும்.

"அண்ணை, தொட்டியில மூவாயிரம் கிடக்கு. கொஞ்சம் கூட்டி விடுங்கோவன்." மாற்றிக் கொடுத்த துப்பாக்கியை வாங்கும்போது அணியின் இளையவர்களில் ஒருவராவது இப்படிக் கேட்பார். இந்த வேலையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது அந்தக் கேள்விதான். திரவ வாயுவுக்கு ஓர் எல்லை உண்டு. வானிலை தருவதற்கு மேல் அது தராது. காற்றுக்கு அப்படியொரு எல்லை இல்லை. ரெகுலேட்டர் சாவி எங்கே நிற்கிறதோ அதுதான் எல்லை, சாவி இருப்பது என் கையில். அறுபதில் தொடங்கி ஐந்தைந்தாக ஏற்றுவேன். மூன்று குண்டும் ஒழுங்காகப் போகும் மிகக் குறைந்த எண் கிடைத்ததும் நிறுத்திவிடுவேன். என்னுடையது எண்பதை ஒட்டி நிற்கிறது, மருயி மனத்தில் வைத்திருந்த கோடைநாளின் அழுத்தம் அது. அதற்கு மேல் ஏற்றினால் சட்டத்துக்கு முன்பே துப்பாக்கியின் உள்ளுறுப்புகள் எதிர்ப்புக் காட்டும்.

சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. பிரிட்டனில் 2017 முதல் தானியங்கி ஏர்சாஃப்டுக்கு 1.3 ஜூல், ஒற்றை ஷாட்டுக்கு 2.5 ஜூல் உச்சவரம்பு. பல களங்கள் இதைவிடக் குறைவாகவே அனுமதிக்கும். 0.20 கிராம் குண்டு விநாடிக்கு 350 அடி என்றால் அது 1.14 ஜூல். காற்றில் ஓடும் துப்பாக்கியை 0.20-இல் மட்டும் அளந்துவிட்டு விட்டுவிடக் கூடாது. கனமான குண்டு குழலுக்குள் மெதுவாக நகரும். காற்று அதை அதிக நேரம் தள்ளும். அதே அழுத்தத்தில் ஆற்றல் கூடிவிடும். எந்தக் குண்டோடு ஆடப்போகிறோமோ அதை வைத்தே அளக்க வேண்டும். மூன்று குண்டும் ஒன்றாகப் பறப்பதால் வேகம் அளக்கும் குரோனோ சிலசமயம் குழம்பும். பலமுறை சுட்டு, வந்தவற்றில் உயர்ந்ததையே கணக்கில் எடுப்பேன். பிறகு ரெகுலேட்டருக்குப் பூட்டு மாட்டிக் களத்தின் மார்ஷலிடம் காட்டுவேன்.

குழாயைப் பின்கட்டையின் கீழ் மூலையால் வெளியே எடுப்பதே நல்லது. நடுவில் எடுத்தால் தோளில் வைத்ததும் நசுங்கும். பம்ப் இழுக்கும் கை முன்னால் இருப்பதால் குழாய் அதற்கு இடைஞ்சலில்லை, முட்புதர்தான் இடைஞ்சல்.

இணைப்பானில் இரண்டு வகை. ஒன்று, குழாயைக் கழற்றியதும் துப்பாக்கிக்குள் இருக்கும் காற்றை முழுவதும் வெளியே விட்டுவிடும். மற்றது தானே மூடிக்கொண்டு, இன்னும் ஒன்றிரண்டு ஷாட்டுக்கான காற்றை உள்ளே வைத்திருக்கும். இரண்டாவதைக் கேட்டு வருகிறவர்கள் உண்டு. குழாய் தொங்காத துப்பாக்கியைப் பார்த்தால் அதில் அழுத்தம் இல்லை என்றுதான் பக்கத்தில் நிற்பவர் நம்புவார். அந்த வகையை நான் யாருக்கும் மாட்டிக் கொடுப்பதில்லை.